நாள்தோறும் வேண்டும் நெஞ்சுரம்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறிஸ்தவ விசுவாசத்தோடும் துணிவோடும் நாள்தோறும் வாழ்தல் என்னும் பொருள் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். இவ்வவையில் வேதக்காரர் பலரும், அய்யாவின் வழி நிற்போரும் சைவரும் பலருமாக வீற்றிருக்கின்றீர்கள். ஆதலின் ஒரு சாராருக்கே உரிய உபதேசம் செய்ய யாம் விரும்பவில்லை. நம் எல்லார்க்கும் பொதுவாகிய பாட்டிமாரின் கதையைக் கொண்டே இதனைச் சொல்லுவாம்.

துணிவு என்றவுடன், 1752-ஆம் ஆண்டில் காற்றாடிமலையிலே துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிய தேவசகாயம் பிள்ளை நம் நினைவுக்கு வருகின்றார். 2022-ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது தக்கதே. ஆனால் அத்தகைய துணிவு ஒரு மனிதனுக்கு ஒருமுறை வேண்டப்படுவது. நம்மிற் பெரும்பாலோர்க்கு அது வேண்டப்படுவதே இல்லை. நித்தம் வேண்டப்படும் துணிவு வேறு. பேதுருவை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் ஆயுதம் தாங்கி வந்த கூட்டத்தின் முன்னே வாளை உருவியவர் அவர். அதே இரவில், முற்றத்திலே குளிர்காயும் நெருப்பின் அருகே, ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு அஞ்சித் தம் ஆண்டவரை மறுதலித்தார். வாளுக்கு அஞ்சாதவர் பக்கத்தில் நிற்பாரின் முகத்துக்கு அஞ்சினார். இந்த இரண்டாவது அச்சமே நம் வீடுகளிற் குடியிருப்பது.

இனிப் பாட்டிமாரின் கதைக்கு வருவாம். தென் திருவிதாங்கூரில் நம் குலத்துப் பெண்டிர் மார்பை மூடித் துணி இடலாகாது என்பது அக்காலத்துக் கட்டுப்பாடு. குடை பிடித்தலும், செருப்பணிதலும், பொன்னகை பூணுதலும், இடுப்பிற் குடம் வைத்து நீர் கொணர்தலுங்கூட விலக்கப்பட்டிருந்தன. 1812-ஆம் ஆண்டில் மன்றோ துரை கிறிஸ்தவப் பெண்டிர் மார்பை மூடலாம் என ஆணை பிறப்பித்தார். ஆயினும் குப்பாயம் என்னும் சட்டையே அவர்களுக்குப் போதும் என்றது அரசு. தோளின்மேல் இடும் சீலையே வேண்டும் என்றனர் பெண்டிர். மிஷனெரிமார் பெரும்பாலும் அடக்கவொழுக்கத்தைக் கருதினர். பெண்டிரோ மானத்தைக் கருதினர் என்பது எம் எண்ணம்.

1822-ஆம் ஆண்டு முதற்கொண்டு கல்குளம், இரணியல் பகுதிகளிலே சீலையணிந்த பெண்டிர் சந்தையிலும் பொதுவழியிலும் தாக்குண்டனர். சீலைகள் பறிக்கப்பட்டன, கிழிக்கப்பட்டன. பின்னர் ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829-ஆம் ஆண்டு பெப்ருவரியில் அரசு தோள்சீலையை மீண்டும் தடுத்தது. முப்பது ஆண்டுகள் சென்ற பின், மற்றொரு பெருங்கலகத்தின் முடிவில், 1859 ஜூலை 26-ஆம் நாள் மகாராஜாவின் விளம்பரம் வெளிவந்தது. கிறிஸ்தவரல்லாத நம் பெண்டிரும் அதனால் மார்பை மூட உரிமை பெற்றனர். அப்போதுங்கூட மேற்குலப் பெண்டிர் உடுக்குமாறு உடுத்தலாகாது என்னும் நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

இவ்வாண்டுகளைச் சொல்வது எளிது. அவற்றின் இடையே கிடந்த நாட்களை எண்ணுவோமாக. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற் சீலையணிந்து அமர்ந்திருக்கப் பெருந்துணிவு வேண்டியதில்லை. அங்கே எல்லாரும் தம்மவர். திங்கட்கிழமை கருப்பட்டிப் பெட்டியைத் தலையிற் சுமந்து சந்தைக்குப் போதல் வேண்டுமே! பெட்டியை இரு கையாலும் பிடித்திருப்பவள் சீலையை எக்கையாற் காப்பாள்? சென்ற வாரம் சீலை கிழிபட்டவள் இவ்வாரம் வேறொரு சீலையை எடுத்து அணிந்தாளே, அந்த ஒரு கணத்தை எண்ணுங்கள். மனு எழுதினோர் பெயர் ஏடுகளில் உண்டு. அவள் பெயர் எங்கும் இல்லை. இதே காலத்திலேதான் சாமித்தோப்பிலே அய்யா வைகுண்டர் ஆடவரைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வருமாறு பணித்தார். அதுவும் இவ்வகைத் துணிவே. நாள்தோறும் தலையிற் கட்டிக்கொள்ள வேண்டிய துணிவு.

இதுவரை கேட்டு நாம் மார்தட்டிக்கொள்ளலாம். சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தட்டிக்கொண்டுதான் வருகின்றோம். கதையின் மற்றொரு பாதியைச் சொல்வாரைத்தான் காணோம்.

தென் திருவிதாங்கூரிலே இலண்டன் மிஷன் சபைக்கு வித்திட்டவர் யார்? மயிலாடி மகாராசன். சிதம்பர யாத்திரை சென்று, மனம் அமைதியுறாது தஞ்சை போந்து, ஆங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயரோடு மீண்டவர். ரிங்கல்தௌபே ஐயர் 1806-ஆம் ஆண்டில் மயிலாடிக்கு வந்தது அவர் பொருட்டே. 1816-ஆம் ஆண்டில் ஐயர் நாட்டைவிட்டு நீங்கியபோது சபையை அவர் கையிலேயே ஒப்புவித்தார். 1818-ஆம் ஆண்டில் மீட் ஐயர் வரும்வரை வெள்ளைக்காரர் துணையின்றி அதனைக் காத்தவர் வேதமாணிக்கமே. அவர் சாம்பவர் குலத்தவர். நம் பாட்டிமாருக்குத் தோள்சீலையணியும் துணிவைத் தந்த மார்க்கம், அவர்கள் தம் திண்ணையில் அமரவிட்டிராத குலத்தவர் ஒருவர் வழியாக வந்தது என்பதை வேதக்காரராகிய நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோமா?

நாகர்கோவிலிலே மால்ட் அம்மையார் 1821-ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கு இரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினர். அடிமைத்தனம் அந்நாட்டிற் சட்டத்தால் ஒழிந்தது 1855-ஆம் ஆண்டிலேயாம். நூலும் ஊசியுங்கொண்டு தம்மைத் தாமே மீட்ட அப்பெண்களின் பேரப்பிள்ளைகளும் நம்மோடு ஒரே ஆலயத்திற் பாடுகின்றனர். ஆலயத்துக்கு வெளியே நிகழ்வது யாது?

பிறரைக் குறை கூறாது எம்மைக் கூறுவாம். சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தில் ஒரு திருமணம். எம்மோடு பள்ளியிற் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார், சாம்பவர். முதல் நாள் ஞாயிறு காலை அவரும் யாமும் திருவிருந்திலே ஒரே பாத்திரத்திற் பருகியவர்கள். திங்களன்று பந்தியில் அவர் அமரப் போகையில், எம் பெரியப்பா அவரை மரியாதையாகவே கைகாட்டித் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று தனி இலை இடச் செய்தார். யாம் கண்டோம். எம் இலையிற் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தனர். எழுந்திருக்க ஒரு கணம் போதும். எழுந்தோமில்லை. மறுநாள் பள்ளியில் அவர் வழக்கம்போல் வணக்கம் கூறினார், யாமும் கூறினோம். நெருப்பருகே நின்ற பேதுருவை யாம் வகுப்பிற் பலமுறை விரித்துரைத்ததுண்டு. அன்று முதல் அப்பகுதி வருங்கால் நா தடுமாறுகின்றது.

அவரிடம் அதுபற்றிப் பேச எமக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. பேசியபோது அவர், "நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன், ஐயா" என்று மட்டும் கூறி, வருகைப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

வருகின்ற தை மாதத்தில் அவர் மகளுக்குத் திருமணம். அழைப்பிதழ் எம் பெயருக்கும், எம் பெரியப்பாவின் பெயருக்கும் தனித்தனியே வந்துள்ளது. யாமும் எம் மனையாளும் பிள்ளைகளும் போய்ப் பந்தியில் அமர்ந்து உண்பதென்று உறுதி செய்துள்ளோம். பெரியப்பாவிடம் இருமுறை கேட்டாயிற்று. அவர் இன்னும் விடை சொல்லவில்லை. அழைப்பிதழைக் கிழித்தெறியாமல் தம் வேதப்புத்தகத்தினுள் வைத்திருக்கின்றார்.