குடியை விட்ட மூன்றாம் நாள்

(வட்டக்கச்சியில் மலையகக் குடும்பங்களைச் சந்தித்தபோது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வன்னிக்கு வந்த நம்ம ஆட்கள் நிறையப் பேர். லயத்தை விட்டாலும் தேத்தண்ணியை விடவில்லை. அதனால் அதில் இருந்தே தொடங்குகிறேன்.

மூளையில் உள்ள நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று இரசாயனங்களை அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். அதை வாங்கும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி பூட்டு, இரசாயனம் சாவி. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்ற சாவி சேர்ந்துகொண்டே வரும். அது பூட்டைத் திறந்தால் தூக்கம் வரும். தேயிலையில் உள்ள கஃபீன் அந்தப் பூட்டை அடைத்துக்கொள்ளும், ஆனால் திறக்காது. அதுதான் நமக்கு விழிப்பு. தினமும் அடைத்தால் மூளையும் அதற்கேற்ப மாறிவிடும். ஒருநாள் தேத்தண்ணி குடிக்காவிட்டால் தலை இடிக்குதே, அது இதனால்தான்.

சாராயமும் கசிப்பும் வேறு பூட்டில் வேலை செய்யும். மூளைக்குக் காபா என்பது பிரேக், குளுட்டமேட் என்பது எக்சலேட்டர். மதுசாரம் பிரேக்கை அழுத்தும், எக்சலேட்டரைக் குறைக்கும். வருசக்கணக்காகத் தினமும் குடித்தால், மூளை ஈடுகட்டுவதற்காகப் பிரேக்கைத் தளர்த்தி எக்சலேட்டரைக் கூட்டிவைக்கும். அந்த ஆள் திடீரென்று குடியை நிறுத்தினால்? பிரேக் இல்லாத கொழுந்து லொறி மலையில் இறங்குகிற மாதிரிதான்.

ஒரு தோட்டத்தில் நான் கண்டதைச் சொல்றேன். தினமும் குடிக்கிற ஒருவர் கோயிலுக்கு மாலை போட்டு, அன்றைக்கே குடியை விட்டார். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஓடுது என்று கத்தினார். முனி அடிச்சிருச்சு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போனாங்க. நல்லவேளை, ஒரு மருத்துவமாது பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்தார்.

அது முனி இல்லை. கடைசியாகக் குடித்ததில் இருந்து 6 மணித்தியாலம் போனாலே நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் புத்தி தடுமாறலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

ஆஸ்பத்திரியில் அதே காபா ஏற்பியில் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பாங்க. பி1 விற்றமினும் கொடுப்பாங்க. வீட்டில் கிடக்கிற தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீங்க. குடியோடு அது சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

தாய்மார்களே, குடியை விடுறேன் என்று அவர் சொன்னால் சந்தோசப்படுங்க. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், நிறுத்துவதற்கு முன்பே டொக்டரிடம் கூட்டிப்போங்க. நிறுத்தியபின் வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் இலவசமாக வரும். எத்தனை நாள் குடித்தார், எப்போது நிறுத்தினார் என்று மறைக்காமல் சொல்லுங்க. அதில் வெட்கம் இல்லை.

குடியை விடுவது நல்ல காரியம். அதை உயிரோடு விட வைப்பது நம்ம பொறுப்பு.