கேத்திலின் அடியில் ஒரு வெள்ளைப் பொருக்கு



நெல்லியடியில் எந்த வீட்டுக் குசினிக்குள் போனாலும் கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கும். எங்கள் வடமராட்சி மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கிறபோது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு இப்படிப் படிகிறது. பழப்புளி போட்டுத் தேய்த்து அலுத்துப்போகிறோம்.

அந்தப் பொருக்குக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. 2024இல் சீனாவின் குவாங்சோ நகர ஆய்வாளர்கள், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் துணிக்கைகள் கலந்த தண்ணீரை 5 நிமிடம் கொதிக்க வைத்தார்கள். சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் கால்வாசித் துணிக்கைகள்தான் குறைந்தன. சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் 90 சதவீதம் வரை குறைந்தன. படிகிற சுண்ணாம்பு துணிக்கைகளையும் தனக்குள் பொதிந்துகொள்கிறது. ஆகவே கொதித்த தண்ணீரை ஆறவிட்டு, அடி கலங்காமல் தெளிவை மட்டும் இறுத்து, சுத்தமான துணியால் வடித்துக் குடியுங்கள். வடித்ததைக் கண்ணாடிப் போத்தலிலோ மண்பானையிலோ வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்து உரத்தால் கிணற்றில் சேரும் நைத்திரேற்று கொதிக்க வைப்பதால் போகாது. கைக்குழந்தை உள்ள வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதிக்கக் கொடுங்கள்.

அதற்காகக் கடைப் போத்தல் தண்ணீருக்கு ஓடவும் வேண்டாம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அதே ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்ரிக் துணிக்கைகள் இருந்தன.

எனக்குப் பெரிய கவலை சூடுதான். சூடுபட்ட பிளாஸ்ரிக் கூடுதலாக உதிரும். மாலையில் சந்திப் பக்கம் போனால், ஆவி பறக்கும் சொதியைச் சொப்பின் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். பை கைக்குள் இளகிக் கிடக்கும். அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைக்கு ஊற்றுகிறோம். லஞ்ச் சீற்றை 2017 செப்ரெம்பரிலும், பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டை 2023 ஒக்ரோபரிலும் அரசு தடை செய்தது. ஆனால் வீட்டில் கிடக்கிற பழைய தட்டை யார் வந்து எடுப்பார்கள்? எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆவியில் வெந்து வெந்து ஓரம் வெளிறி, பின்னல் தேய்ந்து, நகத்தால் சுரண்டினால் தூளாக வரும். தேய்ந்த அந்தப் பகுதி எங்கே போயிருக்கும்?

பனையீர்க்கில் பின்னிய இடியப்பத் தட்டும் பனையோலை நீத்துப்பெட்டியும் எங்கள் ஆச்சிமார் புழங்கியவைதான். இன்றும் பின்னுகிற கைகள் இருக்கின்றன, வாங்குகிறவர்கள்தான் குறைந்துவிட்டோம். புதிய நீத்துப்பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் பிட்டு அவியுங்கள். முதல் இரண்டு நாளும் ஓலை வாசம் பிட்டிலேயே மணக்கும்.

இன்று பின்னேரம் சொதி வாங்கப் போகிறவர்கள், புறப்படுமுன் தட்டில் கவிழ்த்து வைத்த சில்வர் கரியரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதில் ஊற்றித் தருவார்.