கண்டிச் சீமையும் பூட்டன் பிறந்த சீட்டும்



காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்தில் கண்மாய் நிறையாத வருஷங்களில் ஒரு பேர் அடிபடும்: கண்டிச் சீமை. மானாவாரிக் காடு கைவிட்டபோது, வெள்ளைக்காரன் காலத்தில் ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து ஜனங்கள் கங்காணி பின்னால் கடல் தாண்டி, இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

1947 தேர்தலில் அவர்கள் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் பிடித்தது. இடதுசாரிகளுக்கும் அந்த வாக்கு கைகொடுத்தது. மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைக் கொழுந்து எத்தனை ராத்தல் என்று தவறாமல் எழுதிய கணக்கப்பிள்ளை, தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளைக்கா பிறப்புச் சீட்டு எழுதி வைத்திருப்பார்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்களானார்கள். 1949-இல் வாக்கும் போயிற்று.

ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்கா 1882-இல் சீனத் தொழிலாளர் வரக்கூடாதென்று பேர் சொல்லியே சட்டம் போட்டது. அது 1943 வரை நீடித்தது. இலங்கையின் 1948 சட்டம் எந்த இனத்தின் பேரையும் சொல்லவில்லை. எனக்கென்னவோ இதுதான் கூடுதல் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இந்த நாடற்றவர்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். மாடு பிரிக்கிற கணக்குத்தான். மலையக மக்களின் தலைவர் தொண்டமானிடம்கூட சம்மதம் கேட்கவில்லை.

தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப்போன ரயிலுக்கு மலையக ஜனங்கள் வைத்த பேர் அழுகைக் கோச்சி. அங்கிருந்து கப்பல், ராமேசுவரம், மண்டபம் முகாம். பூட்டன் விட்டுப்போன ஊரில் நிலம் ஏது? பங்காளிகளுக்கு முகமே தெரியாது. தேயிலை தெரிந்தவர்கள் பலர் நீலகிரிக்கு, அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கியவர்களுக்கு இங்கே ‘சிலோன்காரன்’ என்று பேர்.

2003-இல் இலங்கை புதுச் சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே நிலையாக இருந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அங்கே வாழும் அவர்கள் சந்ததியினருக்கும் குடியுரிமை. ஒப்பந்தம் கையெழுத்தான அதே தேதி. அதற்குள் கோச்சி ஏறிப் போய்விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.