கேணியும் கிணறும்

அருள்மிகு பார்த்தசாரதி சுவாமி எழுந்தருளியுள்ள இத்தலத்தின் பெயர் திருவல்லிக்கேணி. அல்லி மலர்ந்த கேணி என்பது பொருள். வடமொழியாளர் அதனையே கைரவிணி என்றனர். கைரவம் என்பதும் அல்லியே. அல்லி எவருக்கும் விளங்கும். கேணியோ பலரை மயக்குகின்றது.

கேணி, கிணறு என்னும் இரு சொற்களும் ஓசையால் நெருங்கியவை. வட மாவட்டச் சிற்றூர்களில் பாசனக் கிணற்றையும் கேணி என்பர். திருவள்ளுவர் மணற்கேணி என்றது மணலில் தோண்டும் ஊற்றை. ஆகவே ஆங்கிலத்தில் 'வெல்' என்று பெயர்ப்பது முற்றும் பிழையன்று. ஆயினும் இத்தலத்திற்கு அது பொருந்தாது. கிணற்றில் தெப்பம் மிதக்குமோ? கிணற்றுக்குக் கயிறும் வாளியும் வேண்டும். நீர் மேலேறி வரும். கேணிக்குப் படியுண்டு, அடியவரே நீரிடம் இறங்கிச் செல்லுதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் அன்பர் நீராடும் இடத்தையும் கேணி என்றே அழைப்பர்.

'டேங்க்' என எழுதுவோரும் உளர். அன்று குளத்தைக் குறித்த அச்சொல், இன்று வீடுகளில் மாடித் தொட்டியாயிற்று!

சொல் இரண்டாயினும், நீருக்குள் உறவு உண்டு. கடலருகே உள்ள இவ்வூரில், கேணியில் தங்கும் மழைநீர் மண்ணுள் இறங்கினால், சூழ்ந்த வீட்டுக் கிணறுகளில் ஊற்றுப் பெருகும், உவர் குறையும். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்பணியைக் கேணிகள் பன்னெடுங்காலம் முன்னரே செய்துவந்தன. தெப்பம் சேவிக்க வருவோர் படியில் விட்டுச் செல்லும் நெகிழிப் பைகள், அந்நீர் இறங்கும் வழியைத்தான் அடைக்கின்றன.