போர்க் கல்லறைகளின் நடுவே துளிர்த்த நட்பு: அவுஸ்திரேலிய - யப்பானிய சமூக உறவும் அரச மானியங்களும்

(சமூகக் கருத்தரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரு நாட்டு மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக அரசாங்கம் பணம் ஒதுக்குகின்றது என்றால், நட்பு என்ன சந்தையில் விலைகொடுத்து வாங்கும் பண்டமா என்ற வினா எழுவது இயல்பே. இந்த வினாவுக்கு விடை தேடுவோர் கட்டாயம் பார்க்கவேண்டிய எடுத்துக்காட்டு அவுஸ்திரேலியாவும் யப்பானும் ஆகும்.

1942 பெப்ரவரி 19 ஆம் நாள் டார்வின் நகரின் மீது யப்பானிய வானூர்திகள் குண்டுமாரி பொழிந்தன. அப்போரில் ஏறத்தாழ 22,000 அவுஸ்திரேலியப் படையினர் யப்பானியரிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் 8,000 இற்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. திரும்பியோர் பட்ட துன்பத்தை அவர்களின் மனைவி மக்கள் அறிவர். அத்தகைய நாட்டின் நாடாளுமன்றமே 1976 இல் தனிச் சட்டமொன்றின் மூலம் அவுஸ்திரேலிய - யப்பானிய நிதியத்தை நிறுவியது. அதே ஆண்டு யூன் 16 ஆம் நாள் பிரதமர் மல்கம் பிரேசரும் யப்பானியப் பிரதமர் மிக்கி தக்கேயோவும் நட்புறவு, ஒத்துழைப்பு ஆகியவற்றுக்கான அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். டார்வின் குண்டுவீச்சுக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள் மட்டுமே.

வணிகமே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். 1957 யூலை 6 ஆம் நாள் ஜோன் மக்கியூவனும் கிஷி நொபுசுகேயும் ஹக்கோனேயில் கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கை கம்பளிக்கும் பின்னர் நிலக்கரிக்கும் இரும்புத் தாதுக்கும் வழிதிறந்தது உண்மையே. ஆயினும் வணிகம் மனங்களை ஆற்றுவதில்லை. அந்தப் பணியைத் தொடக்கியவர்கள் அமைச்சர்கள் அல்லர், சிற்றூர் மக்களே ஆவர்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கௌரா என்னும் ஊரில் போர்க்கைதிகள் முகாம் ஒன்று இருந்தது. 1944 ஓகஸ்ட் 5 ஆம் நாள் அதிகாலையில் 1,100 இற்கும் அதிகமான யப்பானியக் கைதிகள் கத்திகளையும் தடிகளையும் ஏந்தி முட்கம்பி வேலியை நோக்கிப் பாய்ந்தனர். 231 யப்பானியரும் 4 அவுஸ்திரேலியப் படையினரும் உயிரிழந்தனர். சிறைப்படுவதை மாபெரும் இழிவாகக் கருதிய அந்தக் கைதிகளுள் பலர், ஊரிலுள்ள குடும்பத்துக்குத் தாம் உயிருடன் பிடிபட்ட செய்தி எட்டக்கூடாது என்பதற்காகப் பொய்ப் பெயர்களையே கொடுத்திருந்தனர். அந்தப் பெயர்களுடனேயே அவர்கள் புதைக்கப்பட்டனர்.

போருக்குப் பின்னர் அந்தப் புதைகுழிகளில் புல் வெட்டித் துப்புரவு செய்தவர்கள் யாவர்? அவ்வூரின் முன்னாள் படைவீரர் சங்கத்தினர்! தம் தோழர்களின் கல்லறைகளைப் பராமரிக்கச் சென்றவர்கள் அருகிலிருந்த பகைவரின் கல்லறைகளையும் சேர்த்தே பராமரித்தனர். எந்த அரசும் அவர்களுக்கு மானியம் வழங்கவில்லை. இதன் தொடர்ச்சியாக 1964 இல் யப்பானியப் போர்க் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பிற பகுதிகளில் போர்க்காலத்தில் இறந்த யப்பானியரின் எச்சங்களும் அங்கு கொண்டுவரப்பட்டன. 1970 இல் கௌரா உயர்நிலைப் பள்ளிக்கும் ரோக்கியோவின் செய்க்கேய் பள்ளிக்கும் இடையே மாணவர் பரிமாற்றம் தொடங்கியது. 1979 இல் கென் நக்காஜிமா வடிவமைத்த யப்பானியத் தோட்டம் திறக்கப்பட்டது. அங்கு செர்ரிப் பூ விழா இன்றும் நடைபெற்று வருகின்றது.

யப்பானின் நவோயெட்சுவில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கிருந்த முகாமில் 300 அவுஸ்திரேலியக் கைதிகளுள் 60 பேர் மாண்டனர். போருக்குப் பின் முகாமின் காவலர்கள் 8 பேர் தூக்கிலிடப்பட்டனர். இரு தரப்பாருக்கும் பேச விருப்பமில்லாத வரலாறு இது. இருப்பினும் நகரவாசிகள் முன்னின்று உழைத்ததன் பயனாக 1995 இல் அமைதிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கு இறந்த கைதிகள், தூக்கிலிடப்பட்ட காவலர்கள் ஆகிய இரு சாராரும் நினைவுகூரப்படுகின்றனர். அவ்வூர் உள்ளடங்கிய ஜோயெட்சு நகரும் கௌராவும் இன்று நட்பு நகரங்கள்.

லிஸ்மோர் நகருக்கும் யப்பானின் யமாத்தோதக்காடா நகருக்கும் இடையே 1963 இல் ஏற்பட்ட உறவே இரு நாடுகளுக்கிடையிலான முதலாவது இரட்டை நகர உறவாகும். இதற்கு வித்திட்டவர் போல் கிளின் என்னும் அவுஸ்திரேலியக் கத்தோலிக்கக் குரு. இன்று இத்தகைய உறவுகளின் தொகை நூற்றைத் தாண்டிவிட்டது.

அப்படியாயின் அரச மானியத்தின் பணி யாது? மக்கள் தொடக்கியதை அறுந்துபோகாமல் காப்பதே அதன் உண்மையான பணி. நிதியம் 2006 இல் மறுசீரமைக்கப்பட்டு வெளிவிவகார, வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் இயங்கி வருகின்றது. கல்வி, கலை, அறிவியல், சமூகம் முதலிய துறைகளில் ஆண்டுதோறும் விண்ணப்பங்கள் கோரப்பட்டுப் போட்டி அடிப்படையில் நிதி வழங்கப்படுகின்றது. இது பெரும்பாலும் விதைப்பணமே. ஒரு சங்கத்தின் அன்றாட நடைமுறைச் செலவுக்கோ கட்டடம் எழுப்புவதற்கோ உரியதன்று. யப்பானில் உறுதியான பங்காளி அமைப்பு, விண்ணப்பதாரரின் சொந்தப் பங்களிப்பு, முடிவில் கணக்கறிக்கை ஆகியவை இருந்தால் விண்ணப்பம் வலுப்பெறும். சிறிய சங்கங்கள் நல்ல எண்ணம் இன்மையால் தோற்பதில்லை. கணக்கு எழுத ஆளின்றியே தோற்கின்றன. தமிழ்ச் சங்கங்களை நடத்துவோருக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

குறையும் இங்குதான் உள்ளது. முன்னுரிமைகளை வகுப்பது வெளியுறவுக் கொள்கை வகுக்கும் அதே திணைக்களம். ஓர் ஆண்டு புத்தாக்கம், இன்னோர் ஆண்டு பாதுகாப்பு என்று காற்று திசைமாறும்போது, முதியவர் சிலர் தாங்கி நிற்கும் இரட்டை நகரக் குழு விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை.

யப்பானிய அரசும் தன் பங்குக்குச் செலவிட்டுள்ளது. 1994 இல் பிரதமர் முரயாமா தொமியிச்சி அறிவித்த அமைதி, நட்பு, பரிமாற்ற முயற்சி போர்க்கால வரலாற்றை ஆராய்வதற்கும் நிதி வழங்கியது. கன்பெராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் நடைபெற்ற அவுஸ்திரேலிய - யப்பானிய ஆய்வுத் திட்டம் யப்பானிய அரசின் உதவியில் இயங்கியதாகும். முன்னாள் பகைவரின் போர் நினைவகத்திலேயே, தன் படைகளின் செயல்களையும் உள்ளடக்கிய வரலாற்றை ஆராய ஓர் அரசு பணம் கொடுத்தது. இரு நாடுகளும் செலவிட்ட பணத்துள் இதுவே மிகச் சிறந்த செலவு எனலாம். 2011 மார்ச் தொடக்கத்தில், யப்பானின் அழைப்பில் சென்ற முன்னாள் அவுஸ்திரேலியக் கைதிகளிடம் வெளிவிவகார அமைச்சர் மயேஹாரா சேய்ஜி நேரில் மன்னிப்புக் கோரினார். அதற்குள் பெரும்பாலான கைதிகள் காலமாகிவிட்டிருந்தனர்.

இந்த உறவுகள் சோதனைக்கு உள்ளானதும் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் புறூம் நகரில் முத்துக்குளித்து மாண்ட யப்பானியர் 900 இற்கும் மேற்பட்டோர் துயிலும் இடுகாடு உள்ளது. அவர்களுள் பலர் தாய்ஜி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தாய்ஜியில் நடைபெறும் ஓங்கில் வேட்டையைக் காட்டும் திரைப்படம் 2009 இல் வெளியானதும், உலகெங்கிலுமிருந்து எழுந்த கண்டனத்துக்கு அஞ்சிய புறூம் நகரசபை தாய்ஜியுடனான இரட்டை நகர உறவை அவ்வாண்டு ஓகஸ்டில் இடைநிறுத்தியது. அதற்கு எதிர்ப்பு உள்ளூரிலேயே எழுந்தது. யப்பானிய முன்னோரைக் கொண்ட குடும்பங்கள் புறூமில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன அல்லவா! இரண்டே மாதங்களில், ஒக்டோபரில், அந்த முடிவு மீளப்பெறப்பட்டது. திமிங்கில வேட்டை தொடர்பாக அவுஸ்திரேலியா யப்பானைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்து 2014 மார்ச் 31 ஆம் நாள் வென்றபோதும் மாணவர் பரிமாற்றங்கள் நின்றுவிடவில்லை.

இந்த இடத்தில் தமிழரோடு தொடர்புடைய ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. சியாம் - பர்மா மரண இரயில்பாதையில் அவுஸ்திரேலியக் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர் வேலை வாங்கப்பட்டு, 2,700 இற்கும் அதிகமானோர் மாண்டனர். அதே பாதையில் மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவுஸ்திரேலியரின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்துப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியலே இல்லை. இரு அரசுகளின் மானியத் திட்டங்களும் இரு நாட்டுக் குடிமக்களுக்காக வகுக்கப்பட்டவை. அத்தொழிலாளர் எந்த நாட்டின் குடிமக்களாகவும் அன்று கணிக்கப்படவில்லை.

மலேசியாவில் அவர்களின் வழித்தோன்றல்கள் உயிருடன் எஞ்சியிருந்தோரின் வாக்குமூலங்களைத் தம் சொந்தச் செலவிலும் உழைப்பிலும் திரட்டி வந்துள்ளனர். கௌராவின் முன்னாள் படைவீரர்கள் புல் வெட்டத் தொடங்கியபோது அவர்களிடமும் நிதி இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் வாழும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த நினைவுகளைக் கேட்டு வளர்ந்தோர் இருத்தல்கூடும். அத்தகையோர் தம் பெற்றோர், பேரர் கூறியவற்றைப் பெயர், தோட்டம், ஆண்டு ஆகிய விவரங்களுடன் இப்போதே எழுதிவைக்குமாறு இந்த அவை கேட்டுக்கொள்ளப்படுகின்றது.