வாசலோரம் உட்கார்ந்த பிள்ளை

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிற நாங்கள் இன்று வார்டைப் பற்றிப் பேசாமல் வகுப்பறையைப் பற்றிப் பேசப்போகிறோம். காரணம் உண்டு. மனதிலே காயப்பட்ட ஒரு பிள்ளை எங்களிடம் வருவது மாதத்தில் ஒரு நாள், அதுவும் அரைமணி நேரம். அதே பிள்ளை தன் ஆசிரியருக்கு முன்னால் தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்காருகிறது. அப்படியானால் யாருடைய கையில் அதிக மருந்து இருக்கிறது?

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி அலை தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேரைக் கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. ஜனவரியில் பள்ளிகள் திறந்தன. தாயை, தங்கையை, பக்கத்தில் உட்கார்ந்து படித்த சிநேகிதனை இழந்த பிள்ளைகள் சிலேட்டோடும் புத்தகத்தோடும் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த நாட்களில் கடலோரக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கு நாங்கள் போய்வந்தோம். நாலாம் வகுப்பில் ஒரு பையன். வாசலோரத்தைத் தவிர வேறெங்கும் உட்காரமாட்டான். பிடிவாதக்காரன் என்று எண்ணி, அவனை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அன்றைக்குச் சாலையில் ஒரு லாரி இரைச்சலோடு போயிற்று. பையன் பையை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டான். தேடிப் பிடித்தபோது கோவில் மேட்டில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் அடங்காத பிள்ளை அல்ல. பெரிய ஆபத்தைக் கண்ட உடம்பு, ஆபத்து போன பிறகும் காவல் காத்துக்கொண்டே இருக்கும். சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும், கால் ஓடத் தயாராகும். இரவில் தூக்கம் இராது. தூங்காத பிள்ளைக்குப் பகலில் வாய்ப்பாடு எப்படி நினைவில் நிற்கும்? சில பிள்ளைகள் துள்ளிக் குதித்துச் சண்டை போடுவார்கள். வேறு சிலர் கல்லைப்போல உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை நாம் 'நல்ல பிள்ளை' என்று சொல்லி விட்டுவிடுவோம். இரண்டும் ஒரே காயத்தின் இரண்டு முகங்கள்.

அந்தப் பள்ளியின் டீச்சர் அம்மா ஒருவர் இதைப் புரிந்துகொண்டார். அவரும் தன் உறவில் சிலரைக் கடலுக்குக் கொடுத்தவர். "உனக்கு என்ன வந்தது?" என்று அதட்டுவதை விட்டு, "இவனுக்கு என்ன நேர்ந்தது?" என்று தமக்குள்ளே கேட்டுக்கொண்டார். வாசலோர இடத்தை அவனுக்கே கொடுத்தார். காலையில் வந்தவுடன் அன்றைக்கு என்னென்ன பாடம், எப்போது மணி அடிக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுவார். பின்னாலிருந்து வந்து தோளைத் தொடமாட்டார். பத்துக் கணக்குக்குப் பதில் இரண்டு கொடுப்பார். முடித்தால் இன்னும் இரண்டு. தினமும் கடைசி வேளையில் பாட்டும் விளையாட்டும் உண்டு. பிரம்பு அலமாரிக்குள் போயிற்று. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவிலே தடைசெய்தது. இந்த அம்மா அதற்கு முன்பே சட்டத்தைக் கேளாமல் அதைச் செய்தார்.

வருஷக் கடைசியில் பையன் இரண்டாம் வரிசைக்குத் தானாகவே வந்துவிட்டான். ஆனால் கடல் இரைகிற நாட்களில் மட்டும் மறுபடி வாசலோரம் போவான். டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார். அவன் வழிக்கு அவன் திரும்பி வருவான்.

பிரியமானவர்களே, இப்போது எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வேண்டும். உதவி கொண்டுவந்த விருந்தினர் பலர் அந்த ஊருக்கு வந்தார்கள். அவர்கள் மனம் உருகும்படி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னோம். படம் எடுத்தோம். ஒரு சிறுமி, பாடம் ஒப்பிக்கிறதுபோல, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல், தாயின் கை நழுவினதைச் சொன்னாள். 'தைரியமான பிள்ளை' என்று தட்டிக்கொடுத்தோம். மறுவாரம் அவளுடைய பாட்டி வந்து, "ஐயா, நீங்க கேட்டுட்டுப் போற ராத்திரியெல்லாம் புள்ள தூங்க மாட்டேங்குது. பாய நனைச்சிடுது. இனிமே அதைக் கேக்காதீங்க ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் வெட்கப்பட்டுப் போனோம்.

மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று அப்போது நம்பியிருந்தோம். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கவேண்டியதுதான். ஆனால் வற்புறுத்திச் சொல்லவைப்பது ஆறுகிற புண்ணைக் கீறுவதாகும். உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்றே சொல்லுகிறது.

சூரைச்செடியின் கீழே சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவை நினைத்துப் பாருங்கள். தூதன் அவனைக் கேள்வி கேட்கவில்லை, பிரசங்கம் பண்ணவுமில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடியும் கொடுத்தான். கேள்வி பிறகுதான் வந்தது. வேதத்தைப் படித்த எங்களுக்கு அந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது ஒரு பாட்டியம்மாள்.

கடல் அலை மாத்திரம் பிள்ளைகளைக் காயப்படுத்துவதில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல் கூரைகளைத் தூக்கிச் சென்றது. 2020-க்குப் பின் கொரோனாவில் தகப்பனை இழந்த பிள்ளைகள் உண்டு. குடித்துவிட்டு வருகிறவனுக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருக்கிற பிள்ளை, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் கடைசிப் பெஞ்சில் இருக்கலாம்.

ஆசிரியரின் அன்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரங்கள் கடந்தும் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், மருத்துவரிடம் அழைத்து வரவேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். யாரோ ஒருவர் தன்னிடம் தகாதபடி நடந்ததாகப் பிள்ளை சொன்னால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. உடனடி உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

ஆசிரியர்களையும் மறவாதேயுங்கள். பிள்ளைகளின் துக்கத்தைச் சுமக்கிறவர்களுக்கும் தோள் வலிக்கும். அந்த டீச்சர் அம்மா மாலையில் எல்லாரும் போனபின் காலி வகுப்பில் உட்கார்ந்து அழுததை நாங்கள் கண்டிருக்கிறோம். அவரிடம் 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க எங்களுக்கே மூன்று மாதம் ஆயிற்று.

எனவே உங்களிடம் எங்கள் விண்ணப்பம் இதுவே. பிள்ளைகளின் கண்ணீர்க் கதையையும் படத்தையும் எங்களிடம் கேளாதேயுங்கள். நாங்களும் இனி அனுப்பமாட்டோம். இந்தச் செய்தி மடலில் வாசலோரத்துப் பிள்ளையின் முகம் இல்லாதிருப்பதே நாங்கள் அவனுக்குச் செய்கிற மரியாதை. நீங்கள் பள்ளிக்கு வரும்போது பிள்ளைகளோடு பாடுங்கள், பந்து விளையாடுங்கள், அவர்கள் வரைந்ததைப் பாருங்கள். உங்கள் சபையில் ஆசிரியர்கள் இருந்தால், இந்த வாரம் ஒருவரிடமாவது 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேளுங்கள். அவர்கள் வகுப்பில் வாசலோரம் உட்காருகிற பிள்ளைக்காக அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக. ஆமென்.