தண்டவாளமும் தலையெழுத்தும்
(தேனிக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மதுரையிலிருந்து ஆண்டிபட்டி, தேனி வழியாய்ப் போடிக்கு 1928ல் ரயில் வந்தது. மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் அதில் ஏறிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் சர்க்கார் அத்தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. 1950களில்தான் மறுபடி போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010ல் நிறுத்திய வண்டி தேனிக்கு 2022லும், போடிக்கு 2023லும் வந்தது. இக்கம்பம் பள்ளத்தாக்கில் சாமிகளுக்கு என்றைக்காவது பஞ்சமுண்டா? அவற்றில் ஒன்றாவது பெயர்த்த தண்டவாளத்தில் ஒரு முழம் திருப்பிக் கொடுத்ததா? இரும்பு செய்கிறவன் செய்தால்தானே வரும்!

1853ல் பம்பாயில் முதல் பிரயாணி ரயில் ஓடியபோது எஞ்சின் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. 1907ல் டாட்டா கம்பெனியார் உருக்காலைக்கு முதல் சேர்த்தபோது, ரயில்வே பெரிய அதிகாரி அப்காட் என்பவர், இவர்கள் செய்யும் தண்டவாளம் முழுவதையும் தின்றுவிடுவதாகப் பரிகாசம் செய்தார் என்று சொல்லுவார்கள். 1912ல் உருக்கு வார்த்தாயிற்று. முதல் உலக யுத்தத்தில் மெசபொட்டேமியா முதலிய இடங்களுக்கு 1,500 மைல் தண்டவாளம் போயிற்று. கனவான் ஒரு ராத்தலாவது தின்றதாய்க் கேள்வியில்லை.

வெள்ளைக்காரன் "உன்னால் ஆகாது" என்றால் நமக்கு ரோஷம் வருகிறது. உலை ஊதுகிறவன் மகனுக்குப் படிப்பு ஆகாதென்று மனுதர்மம் சொன்னதற்கு மட்டும் ஏன் வரவில்லை? நம் உருக்கு ஒரு காலத்தில் உலகப் பிரசித்தம். சேலத்து இரும்பை நம்பி ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830களில் பரங்கிப்பேட்டையில் ஆலையே வைத்தார். ஆனால் இங்கே உலையடியில் இருந்தவனுக்கு எழுத்தில்லை; எழுத்துள்ளவனுக்குக் கரி தொட்டால் தீட்டு. அங்கேயோ, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகன் ஸ்டீவன்சன், 18 வயதுவரை எழுத்தறியாதவர், இராப்பள்ளியில் படித்து எஞ்சின் செய்தார். தமக்குப் பங்கிருந்த வார்ப்பிரும்புத் தண்டவாளத்தைவிட, பெட்லிங்டன் பட்டறையார் 1820ல் கண்ட தேனிரும்புத் தண்டவாளமே மேலென்று, தம் லாபத்தையும் விட்டு அதைச் சிபாரிசு செய்தார். பாட்டன் வெட்டிய கிணறென்று உப்புத் தண்ணீர் குடிக்கும் நமக்கு இது விளங்குமா?

எஞ்சின் சங்கதியும் அப்படியே. 1921ல் ஜாம்ஷெட்பூரில் எஞ்சின் செய்ய ஒரு கம்பெனி ஏற்பட்டது. சர்க்கார் ஆர்டர் கொடாததால் அது நொடித்தது. 1945ல் டாட்டா அப்பட்டறையை வாங்கிய பிறகே அங்கே எஞ்சின் பிறந்தது. டாட்டாவுக்குப் பஜனை பாட நாம் வரவில்லை. 1920ல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள்மீது குண்டு பாய்ந்ததும் அதே ஊரில்தான்.

இவ்வளவு பாடுபட்டு வந்த ரயிலிலும் வருணாசிரமம் டிக்கெட்டில்லாமல் ஏறிக்கொண்டது. ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் "பிராமணர்", "மற்றவர்" என்று பலகை தொங்கிற்று. பெரியாரும் நம் இயக்கத்தாரும் ஓயாமல் கிளர்ச்சி செய்து, 1941ல்தான் அப்பலகைகள் இறங்கின.